பழைய பள்ளிப் பேருந்தை ஏலத்தில் எடுப்பதற்கு முன்: காகிதம், தரைத் தகடு, கணக்கு

தமிழ்நாட்டில் பழைய பேருந்தும் வேனும் மூன்று வழிகளில் ஏலத்துக்கு வருகின்றன. தவணை நின்றதால் வங்கியோ ஃபைனான்ஸ் கம்பெனியோ சீஸ் பண்ணி யார்டில் நிறுத்தியவை முதல் வகை. வழக்கில் சிக்கி, பறிமுதலாகி, மாவட்டக் காவல்துறை பொது ஏலம் விடுபவை இரண்டாம் வகை. அரசுத் துறைகளும் போக்குவரத்துக் கழகங்களும் கழித்துவிட்டு, எம்எஸ்டிசி போன்ற மின்னணு ஏலத் தளங்களில் விற்பவை மூன்றாம் வகை.

புதிதாக இறங்குபவர் மூன்றாம் வகைப் பக்கம் போக வேண்டாம். 15 ஆண்டு கடந்த அரசு வண்டிகளின் பதிவை 2023 ஏப்ரல் 1 முதல் புதுப்பிக்க முடியாது. அவை உடைப்பதற்குத்தான் விற்கப்படுகின்றன. இன்ஜின் நன்றாக ஓடினாலும் அந்த வண்டியை மறுபடி சாலையில் இறக்க வழியில்லை. பள்ளிப் பேருந்து தேடுபவர்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் முதல் வகைதான் என்பதால் இங்கே அதையே விரிவாகப் பார்க்கலாம். போலீஸ் ஏலத்தைப் பற்றி இடையில் ஒரு பத்தி வரும்.

யார் பெயரில் எடுக்கப் போகிறீர்கள்?

வண்டியைப் பார்க்கப் போவதற்கு முன்பே இந்தக் கேள்விக்கு விடை தெரிந்திருக்க வேண்டும். பலரும் இதைக் கடைசியில் யோசித்துத்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

பள்ளிப் பேருந்தின் ஆர்சியில் (பதிவுச் சான்றில்) வாகன வகை ‘கல்வி நிறுவனப் பேருந்து’ என்று இருக்கும். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 2(11)-ஆம் பிரிவு இதற்குத் தெளிவான பொருள் தருகிறது. பள்ளி, கல்லூரி அல்லது வேறு கல்வி நிறுவனத்துக்குச் சொந்தமாக இருக்க வேண்டும். மாணவர்களையும் ஊழியர்களையும் அந்த நிறுவனத்தின் வேலைக்காக ஏற்றிச் செல்ல மட்டுமே பயன்பட வேண்டும். தனி மனிதர் ஒருவர் இந்த வண்டியை எடுத்து, அதே வகையில், அதே குறைந்த வரியில் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ள முடியாது.

ஆகவே உங்களுக்கு முன்னால் இருக்கும் வழிகள் சில. நீங்கள் பள்ளி நடத்துகிறீர்கள் என்றால் அறக்கட்டளையின் பெயரில் எடுங்கள். வகை மாறாது, வேலை எளிது. உங்கள் மில்லுக்கோ கம்பெனிக்கோ ஆட்களை ஏற்ற வேண்டுமென்றால் தனியார் சேவை வாகனமாக மாற்ற வேண்டும். அதில் வாடகை வசூலிக்கக் கூடாது. பள்ளிகளுக்கோ சுற்றுலாவுக்கோ வாடகைக்கு ஓட்டுவதாக இருந்தால் ஒப்பந்த ஊர்தி பெர்மிட் வேண்டும். வரி இருக்கைக் கணக்கில் காலாண்டுக்கு ஒருமுறை ஏறும். கல்வி நிறுவன வண்டிக்கு வரி குறைவு என்பதால், வகை மாறியதும் வரும் வரியைப் பார்த்துத் திகைத்துப்போய் வண்டியைத் திரும்ப விற்றுவிடுபவர்கள் உண்டு.

வகை மாற்றத்தோடு இருக்கைப் பிரச்சினையும் சேர்ந்து வரும். பள்ளி வண்டியின் இருக்கைகள் பிள்ளைகளுக்கான அகலத்தில், இடைவெளி குறைவாகப் போட்டிருப்பார்கள். அதில் பெரியவர்கள் முழங்காலை மடக்கி உட்கார முடியாது. இருக்கையைக் கழற்றி மாற்றுவது வண்டியின் அமைப்பை மாற்றுவதாகும். 52-ஆம் பிரிவின்படி பதிவு அதிகாரியின் அனுமதி தேவை, ஆர்சியிலும் இருக்கை எண்ணிக்கை திருத்தப்பட வேண்டும். ஏலத்துக்கு முன்பே உங்கள் ஆர்டிஓ அலுவலகத்துக்குப் போய், வண்டியின் மாடலையும் வகையையும் சொல்லி, எந்த வகைக்கு மாற்ற முடியும், காலாண்டு வரி எவ்வளவு என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அரை நாள் வேலைதான்.

இன்னொன்று. ஏலத் தளத்தில் யார் பெயரில் பதிவு செய்கிறீர்களோ அவர் பெயருக்குத்தான் விற்பனைக் கடிதம் வரும். பள்ளிக்காக எடுக்கிறீர்கள் என்றால் அறக்கட்டளையின் பான் எண், தீர்மான நகல், அதிகாரம் பெற்றவரின் ஆதார் ஆகியவற்றோடு அறக்கட்டளை பெயரிலேயே பதிவு செய்யுங்கள். உங்கள் பெயரில் எடுத்துப் பிறகு பள்ளிக்கு மாற்றினால் பெயர் மாற்றம் இரண்டு முறை நடக்க வேண்டும். நடுவில் வகையும் இரண்டு முறை மாற வேண்டி வரலாம்.

வண்டி எண் கிடைத்ததும் செய்ய வேண்டியவை

ஏலப் பட்டியலில் பதிவு எண் இருக்கும். யார்டுக்குக் கிளம்பும் முன் மத்திய அரசின் எம்பரிவாகன் செயலியிலோ பரிவாகன் தளத்திலோ அந்த எண்ணைப் போட்டுப் பாருங்கள். பதிவு தேதி, எஃப்சி (வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று) முடியும் தேதி, வரி கட்டிய காலம், இன்சூரன்ஸ், புகைச் சான்று, கடன் கொடுத்தவர் பெயர், ஆர்சி நிலை எல்லாம் அதில் தெரியும்.

கடன் கொடுத்தவர் பெயரும் ஏலம் விடுபவர் பெயரும் ஒன்றா? வேறு கம்பெனியின் பெயர் இருந்தால் ஒரு வண்டிக்கு இரண்டு கடன் இருக்கலாம், அல்லது பழைய கடனை அடைத்தபின் பெயரை நீக்காமல் விட்டிருக்கலாம். எதுவானாலும் அந்த இரண்டாவது கம்பெனியின் தடையில்லாச் சான்று இல்லாமல் பெயர் மாறாது. ‘பிளாக்லிஸ்ட்’ என்று காட்டினால் காரணம் தெரியாமல் தொடாதீர்கள். விபத்து வழக்கு, வரி பாக்கி, திருட்டுப் புகார் என எதுவாகவும் இருக்கலாம்.

எஃப்சி முடிந்து எத்தனை நாள் ஆகிறது என்று எண்ணிக்கொள்ளுங்கள். மத்திய விதிப்படி தாமதத்துக்கு நாளொன்றுக்கு 50 ரூபாய் கூடுதல் கட்டணம். 400 நாள் என்றால் 20,000 ரூபாய். வரி பாக்கி வண்டியோடுதான் வரும். பழைய முதலாளி கட்டாத காலாண்டுகளை நீங்கள் கட்டிய பிறகுதான் மற்ற வேலை எதுவும் நடக்கும். ஏழு ஆண்டு கடந்த வண்டிக்குப் பசுமை வரியும் உண்டு. இ-சலான் தளத்தில் அபராத நிலுவையைப் பார்க்கும்போது சேஸிஸ் எண்ணின் (வண்டியின் அடிச்சட்டத்தில் குத்திய எண்) கடைசி ஐந்து இலக்கங்களைக் கேட்கும். ஏலம் நடத்துபவரிடம் அதை வாங்கிவிடலாம்.

பதிவு தேதியையும் கவனியுங்கள். புகை அளவுக்கான பிஎஸ்-4 தரம் நாடு முழுவதும் கட்டாயமானது 2017 ஏப்ரல் 1 அன்று. பிஎஸ்-6 வந்தது 2020 ஏப்ரல் 1 அன்று. பிஎஸ்-4க்கு முந்தைய பிஎஸ்-3 வண்டி என்றால் ஊர்ப் பட்டறையிலேயே பெரும்பாலான வேலையை முடித்துவிடலாம். பிஎஸ்-6 வண்டிக்கு ஸ்கேனர் வைத்திருக்கும் சர்வீஸ் வேண்டும். எஃப்சி இடைவெளியும் வயதைப் பொறுத்தது: எட்டு ஆண்டு வரை இரண்டாண்டுக்கு ஒருமுறை, அதன்பின் ஆண்டுதோறும்.

என்னென்ன காகிதம் தருவார்கள் என்று கேளுங்கள்

ஏலம் விடும் கம்பெனியிடம் முதலில் கேட்க வேண்டியது: “அசல் ஆர்சி உங்கள் கையில் இருக்கிறதா?” சீஸ் பண்ணும்போது வண்டி கிடைக்கும், ஆர்சி பழைய முதலாளி வீட்டு பீரோவில் இருக்கும். கொடுக்க அவருக்கு மனம் வராது. பெயர் மாற்றத்துக்கான படிவம் 29 இரண்டு பிரதி, படிவம் 30, கடன் நீக்கத்துக்கான படிவம் 35 ஆகியவற்றில் அவர் கையெழுத்தும் தேவை. இணையவழியில் விண்ணப்பித்தாலும் அவருடைய கைப்பேசிக்குத்தான் ஓடிபி போகும். சில கம்பெனிகள் கடன் கொடுக்கும் நாளிலேயே வெற்றுப் படிவங்களில் கையெழுத்து வாங்கி வைத்திருப்பார்கள். அதை நம்பிப் போனால், ஆர்டிஓ அலுவலகத்தில் கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்றோ உரிமையாளர் ஆட்சேபித்திருக்கிறார் என்றோ கோப்பு நின்றுவிடலாம்.

இதற்குச் சட்டமே ஒரு வழி வைத்திருக்கிறது. தவணை தவறியதால் வண்டியைக் கைப்பற்றிய கம்பெனி, 51(5)-ஆம் பிரிவின் கீழ் படிவம் 36 கொடுத்துத் தன் பெயரில் புது ஆர்சி வாங்கிக்கொள்ளலாம். பதிவு அதிகாரி பழைய முதலாளிக்கு படிவம் 37-ல் அறிவிப்பு அனுப்பி ஆர்சியை ஒப்படைக்கச் சொல்வார். அதன்பின் கம்பெனி பெயரில் புதிய ஆர்சி பிறக்கும். அதிலிருந்து உங்கள் பெயருக்கு மாற்றுவது சாதாரணப் பெயர் மாற்றம்தான். புதியவர்களுக்குச் சொல்லக்கூடிய ஒரே உறுதியான யோசனை: கம்பெனி பெயரில் ஆர்சி மாறிவிட்ட வண்டியையோ, படிவம் 36 வேலையைத் தாங்களே முடித்துத் தருவதாக எழுதிக் கொடுக்கும் கம்பெனியின் வண்டியையோ மட்டும் எடுங்கள். விலை இருபதாயிரம், முப்பதாயிரம் கூடினாலும் பரவாயில்லை. ஆர்சி மாறாத பேருந்து யார்டில் நின்றாலும் உங்கள் வீட்டு வாசலில் நின்றாலும் ஒன்றுதான்; ஓட்ட முடியாது, விற்கவும் முடியாது.

கேட்க வேண்டிய மற்றக் காகிதங்கள்: சீஸ் பண்ணும் முன்னும் பின்னும் காவல் நிலையத்துக்குக் கொடுத்த தகவல் கடிதங்களின் நகல், விற்கப்போவதாகப் பழைய முதலாளிக்கு அனுப்பிய அறிவிப்பின் நகல், ஏலத்துக்குப் பிறகு அவர் வழக்குப் போட்டால் பொறுப்பைக் கம்பெனியே ஏற்கும் என்ற உறுதிமொழிக் கடிதம். வேறு மாவட்டத்து வண்டியானால் அந்த ஆர்டிஓ அலுவலகத்திலிருந்து படிவம் 28-ல் தடையில்லாச் சான்று. வேறு மாநில வண்டியைப் புதியவர் தவிர்ப்பது நல்லது. தடையில்லாச் சான்று, புதுப் பதிவு எண், இங்கே புதிதாக வரி என்று வேலை நீண்டுகொண்டே போகும்.

போலீஸ் ஏலத்தில் வண்டி எடுத்தால் நடைமுறை வேறு. அரசு நடத்தும் பொது ஏலத்துக்கு படிவம் 32. வண்டி கைக்கு வந்த 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். ஏலம் நடத்திய அதிகாரி கையெழுத்திட்ட விற்பனைச் சான்றும், ஏலத்துக்கு அனுமதி தந்த அரசாணையின் சான்றிட்ட நகலும் இணைக்க வேண்டும். இந்த இரண்டையும் அன்றே கேட்டு வாங்கிவிடுங்கள். அதிகாரி மாறிவிட்டால் அலைச்சல் அதிகம். ஏல அறிவிப்பில் ‘கழிவுப் பொருளாக’ என்ற சொல் இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் அந்த வண்டி ஓட்டுவதற்கு ஆகாது. ஏலத் தொகைக்கு மேல் ஜிஎஸ்டி தனியாக வரும் என்பதும் அறிவிப்பிலேயே இருக்கும்.

யார்டில்: முதலில் குனிந்து பாருங்கள்

மெக்கானிக் ஒருவரையும், முடிந்தால் பாடி கட்டும் பட்டறை ஆள் ஒருவரையும் கூட்டிப் போங்கள். கரூர், நாமக்கல் பக்கம் இருப்பவர்களுக்கு இதில் பஞ்சமில்லை. கையில் வேண்டியவை: நல்ல டார்ச், சின்னச் சுத்தியல், ஸ்க்ரூடிரைவர், காந்தத் துண்டு, பென்சில், வெள்ளைத் தாள், பழைய பாய் ஒன்று. பாய் எதற்கென்றால் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்க்க.

பள்ளிப் பேருந்தில் இன்ஜினைவிடத் தரைத் தகட்டைத்தான் முதலில் பார்க்க வேண்டும். 2012 ஜூலையில் தாம்பரம் அருகே, ஓடும் பள்ளி வண்டியின் தளத்திலிருந்த ஓட்டை வழியே விழுந்து இரண்டாம் வகுப்புக் குழந்தை இறந்துபோனது. தமிழ்நாடு அரசு பள்ளி வாகனங்களுக்கென்று சிறப்பு விதிகளை அதே ஆண்டு கொண்டுவந்ததற்கு அந்தச் சாவுதான் காரணம். எஃப்சி தாளில் தேதி பாக்கி இருப்பதைப் பார்த்துத் தளம் நன்றாக இருக்கும் என்று யாரும் முடிவு செய்துவிடக் கூடாது.

பள்ளி வண்டியில் தண்ணீர் பாட்டிலும் சாப்பாட்டு டப்பாவும் தினமும் சிந்தும். மழைக்காலத்தில் நனைந்த காலணிகள். இந்த ஈரம் மேலே விரித்திருக்கும் ரெக்சின் விரிப்புக்கு அடியில் போய்த் தங்கிவிடும். மேலே பார்த்தால் பளபளப்பு, கீழே பலகை ஊறிப் போயிருக்கும், தகடு அரித்திருக்கும். விரிப்பின் ஓரத்தைத் தூக்கிப் பாருங்கள். யார்டுக்காரர் விடவில்லை என்றால் அடியில் படுத்துச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும், அரித்தது பொத்தென்று கேட்கும். பின் சக்கரங்களுக்கு மேலுள்ள வளைவு, வாசற்படியின் அடிப்பகுதி, பேட்டரிப் பெட்டியைச் சுற்றிய இடம், இருக்கைக் கால்களின் போல்ட்டு இறங்கும் இடம், அவசர வழியின் நிலைச்சட்டம் ஆகிய ஐந்து இடங்களில் ஸ்க்ரூடிரைவர் முனையை அழுத்துங்கள். உள்ளே இறங்கினால் அந்தப் பகுதியை வெட்டி எடுத்துப் புதுத் தகடு போட வேண்டும். புதிதாக அலுமினியத் தகடு மேலே அடித்திருந்தால் அடியில் எதை மறைத்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படுங்கள். பக்கவாட்டுத் தகட்டில் காந்தம் ஒட்டாத இடத்தில் பட்டி பூசியிருப்பார்கள்.

அடுத்தது சேஸிஸ். முன்புறம் வலது நீளச் சட்டத்தில் 17 எழுத்து கொண்ட எண் குத்தியிருக்கும். தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். பரிவாகன் பதிவோடு ஓர் எழுத்து ஒத்துப் போகாவிட்டாலும் வந்த வழியே திரும்பிவிடுங்கள். எழுத்துகளின் ஆழம் மாறுவது, சுற்றிலும் தேய்த்த தடம் இவையும் ஆபத்தின் அடையாளங்கள்தான். ஸ்பிரிங் பட்டையைத் தாங்கும் பிராக்கெட்டுகளைச் சுற்றி விரிசல் இருக்கிறதா, வெல்டிங் வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள்.

வெள்ளத்தில் நின்ற வண்டியைக் கண்டுபிடிக்க இருக்கையின் அடிப்பக்கம் போதும். இருக்கை போல்ட்டுகள் எல்லாம் ஒரே உயரம் வரை துருப்பிடித்திருப்பது, ஃபியூஸ் பெட்டிக்குள் மண், விளக்குகளுக்குள் நீர்க்கோடு என எது தெரிந்தாலும் ஒயரிங் முழுவதையும் மாற்றும் செலவைக் கணக்கில் போடுங்கள். சென்னையின் 2015, 2023 டிசம்பர் வெள்ளங்களில் நின்ற வண்டிகள் இன்றும் கைமாறிக்கொண்டிருக்கின்றன.

இன்ஜினைப் பொறுத்தவரை, யார்டில் பெரும்பாலும் ஸ்டார்ட் செய்து காட்டுவார்கள், ஓட்ட விடமாட்டார்கள். நீங்கள் வருவதற்கு முன்பே சூடாக்கி வைத்திருக்கிறார்களா என்று கை வைத்துப் பாருங்கள். குளிர்ந்த நிலையில் உடனே பிடித்தால் நல்ல அறிகுறி. ஆயில் ஸ்டிக்கில் பால் போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. ரேடியேட்டருக்குள் எண்ணெய்ப் படலம் மிதந்தால் ஹெட் கேஸ்கட் அல்லது ஆயில் கூலர் போயிருக்கும். ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து தலைகீழாக வையுங்கள். மூடி குதித்து, புகை குபுகுபுவென்று வந்தால் ரிங், லைனர் தேய்ந்த இன்ஜின். நீலப் புகை எண்ணெய் எரிவது. வெள்ளைப் புகை சூடான பிறகும் நிற்காவிட்டால் இன்ஜெக்டர் அல்லது கம்ப்ரஷன் கோளாறு. கறுப்புப் புகைக்குக் காற்று அடைப்போ டர்போவோ காரணமாகலாம்.

பள்ளி வண்டியில் கிலோமீட்டர் குறைவாகக் காட்டும். அதை நம்பி விலை ஏற்றாதீர்கள். நூறு மீட்டருக்கு ஒரு நிறுத்தம், முதல் கியரிலும் இரண்டாம் கியரிலுமே ஓட்டம், வளாகத்தில் ஏசியோடு நின்றபடி ஓடும் இன்ஜின். கிலோமீட்டர் ஏறாமலே கிளட்சும் பிரேக்கும் தேய்ந்திருக்கும். கிளட்சைச் சோதிக்க ஹேண்ட் பிரேக் போட்டு, மூன்றாம் கியரில் மெதுவாகக் கிளட்சை விடுங்கள். இன்ஜின் அணைய வேண்டும். அணையாமல் ஓடிக்கொண்டிருந்தால் கிளட்ச் வழுக்குகிறது. வேக்குவம் பிரேக் வண்டியானால் இன்ஜினை அணைத்து நாலைந்து முறை பெடலை மிதித்து, கடைசியாக அழுத்திப் பிடித்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் சற்றே கீழிறங்க வேண்டும். ஏர் பிரேக் என்றால் காற்று நிரம்பியதும் அணைத்துவிட்டு, உஸ்ஸென்ற ஓசை வருகிறதா, முள் இறங்குகிறதா என்று சில நிமிடம் பாருங்கள்.

மாதக்கணக்கில் நின்ற வண்டிக்கென்று தனி வியாதிகள் உண்டு. பிரேக் இறுகியிருக்கும், டீசல் டேங்கில் தண்ணீர் சேர்ந்திருக்கும், எலி ஒயரைக் கடித்திருக்கும். பிஎஸ்-6 வண்டியில் ஓட்டுநர்கள் யூரியா என்று சொல்லும் ஆட்ப்ளூ திரவம் காய்ந்து, உப்புப்போல் படிந்து, பம்பை அடைத்திருக்கும். அந்தப் பம்பும் சென்சாரும் விலை கூடியவை. பேட்டரி, ஸ்டெப்னி, டைனமோ, செல்ஃப் மோட்டார், இன்ஜினைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டியான ஈசியூ எல்லாம் இடத்தில் இருக்கின்றனவா என்று ஒன்றொன்றாகப் பார்த்துப் படம் எடுங்கள். ஈசியூவைக் கழற்றிவிட்ட வண்டி என்ன விலைக்கு வந்தாலும் வேண்டாம்.

டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் தயாரானது. பட்டன் (தரையில் படும் ரப்பர்க் கட்டைகள்) நன்றாக இருந்தாலும் ஆறேழு வயதான டயரில் பிள்ளைகளை ஏற்றக் கூடாது. முன் சக்கரத்தில் ரீட்ரெட் டயர் (பழைய டயரில் புது ரப்பர் ஒட்டியது) இருந்தால் மாற்றும் செலவைச் சேர்த்துக்கொள்ளுங்கள். முன் டயர் ஒருபக்கமாகத் தேய்ந்திருந்தால் முன் சக்கரம் திரும்ப உதவும் கிங்பின்னும் அலைன்மென்ட்டும் பார்க்க வேண்டியிருக்கும்.

கேட்கும் விலையைப் பின்னாலிருந்து கணக்கிடுங்கள்

ஏலத்தில் கேட்கப் போகும் உச்ச விலையை முந்தைய நாள் இரவே தாளில் எழுதிவிட வேண்டும். முறை இதுதான்: ஓடும் நிலையில், காகிதம் சரியாக உள்ள அதே மாடல், அதே ஆண்டு வண்டி உங்கள் ஊர்ப் பக்கம் என்ன விலைக்குப் போகிறது என்று விசாரியுங்கள். அதிலிருந்து எல்லாச் செலவையும் கழியுங்கள். ஒரு மாதிரிக் கணக்கு கீழே; தொகைகளை உங்கள் ஊர் விலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

ஓடும் நிலையில் சந்தை விலை: 6,50,000
ஆறு டயர்: 66,000
பேட்டரி: 9,000
கிளட்ச்: 18,000
பிரேக், வீல் பேரிங்: 15,000
தளம், டிங்கரிங், பெயின்ட்: 60,000
எஃப்சி தாமதம் 400 நாள்: 20,000
வரி பாக்கி: 24,000
இன்சூரன்ஸ்: 45,000
ஏலக் கட்டணம், அதற்கான ஜிஎஸ்டி: 15,000
இழுத்து வரும் செலவு: 12,000
பெயர் மாற்றம்: 8,000
எதிர்பாராத செலவுக்கு: 40,000

கழிக்க வேண்டியது 3,32,000. ஆக உச்சமாக நீங்கள் கேட்கலாம்: 3,18,000. இதற்கு மேல் ஒரு ரூபாய் போனாலும் வெளிச் சந்தையில் ஓடும் வண்டியையே வாங்கியிருக்கலாம். ‘எதிர்பாராத செலவு’ வரியை மட்டும் யாரும் அடித்துவிடாதீர்கள். ஓட்டிப் பார்க்காமல் வாங்கும் வண்டியில் கியர்பாக்ஸும் டிஃப்ரென்ஷியலும் எப்படி என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரியும்.

ஏல நாள்

பதிவுக்கு ஆதார், பான், ரத்து செய்த காசோலை, திருப்பித் தரும் முன்வைப்புத் தொகை வேண்டும். முன்வைப்புத் தொகை ஒரு வண்டிக்கா, பல வண்டிக்கா, எத்தனை நாளில் திரும்பும் என்று விதிமுறையில் படியுங்கள். ‘இருக்கிற இடத்தில், இருக்கிற நிலையில்’ என்ற வரி எல்லா ஏலத்திலும் இருக்கும். குறை சொல்லித் திருப்பித் தர முடியாது என்பதே அதன் பொருள்.

இணைய ஏலத்தில் கடைசி நிமிடங்களில் புது விலை வந்தால் நேரம் நீளும். அப்போதுதான் ஆட்கள் நிதானம் இழப்பார்கள். எழுதி வைத்த தொகை வந்ததும் கைப்பேசியைக் கீழே வைத்துவிடுங்கள். பள்ளிப் பேருந்து அடுத்த மாதமும் வரும்.

நீங்கள் உச்ச விலை கேட்டிருந்தாலும் வண்டி உங்களுடையது ஆகிவிடவில்லை. பெரும்பாலான ஏலங்கள் ‘ஒப்புதலுக்கு உட்பட்டவை’. கம்பெனி மனதில் வைத்திருக்கும் விலை வரவில்லை என்றால் கூட்டிக் கேட்பார்கள் அல்லது ஏலத்தை ரத்து செய்வார்கள். கூட்டிக் கேட்டால் உங்கள் தாளைப் பார்த்துப் பதில் சொல்லுங்கள். ஒப்புதல் கடிதம் வந்த பிறகு பணம் கட்டச் சில நாள்தான் கெடு; தவறினால் முன்வைப்புத் தொகை போய்விடும். ஆகவே கடன் வாங்கித்தான் கட்ட வேண்டும் என்றால் அதற்கான ஏற்பாட்டை ஏலத்துக்கு முன்பே முடித்துவிடுங்கள். சீஸ் வண்டிக்கு, அதிலும் எஃப்சி முடிந்த வண்டிக்குக் கடன் கிடைப்பது கடினம்.

பணத்தைக் கடிதத்தில் உள்ள கம்பெனியின் வங்கிக் கணக்குக்கு, உங்கள் பெயரிலுள்ள கணக்கிலிருந்து மட்டும் அனுப்புங்கள். ஒரே பரிவர்த்தனைக்கு இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடை செய்கிறது. “டோக்கன் அட்வான்ஸ் போட்டால் ஏலத்துக்கு முன்பே முடித்துத் தருகிறேன்” என்று தனிநபரின் யுபிஐ எண் தருபவர் யாராக இருந்தாலும் ஏமாற்றுக்காரர் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். சந்தேகம் இருந்தால் அந்தக் கம்பெனியின் கிளைக்கு நேரில் போய், ஏல எண்ணைச் சொல்லிக் கேளுங்கள்.

வண்டியை எடுத்து வந்து ஓட்டத்துக்கு விடுவது

ரிலீஸ் கடிதம் கைக்கு வந்த அன்றே யார்டுக்குப் போய்விடுங்கள். தாமதித்தால் பார்க்கிங் கட்டணம் நாள் கணக்கில் ஏறும். வெளியே எடுக்கும் முன், பார்வையிட்ட நாளில் எடுத்த படங்களோடு ஒப்பிடுங்கள். பேட்டரியோ டயரோ மாறியிருந்தால் கேட் பாஸில் கையெழுத்திடும் முன்பே எழுத்தில் புகார் கொடுங்கள். கேட்டைத் தாண்டிய பிறகு சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள்.

இன்சூரன்ஸும் எஃப்சியும் இல்லாத பேருந்தை ‘பக்கத்து ஊர்தானே’ என்று ஓட்டி வராதீர்கள். வழியில் ஒருவர் மேல் பட்டுவிட்டால் நஷ்ட ஈடு முழுவதும் உரிமையாளர் தலையில் விழும். பல லட்சம் ஆகலாம். ரெக்கவரி வண்டியில் இழுத்து வாருங்கள்.

வந்ததும் நேரே பட்டறை. ஆயில், ஃபில்டர்கள், கூலன்ட், பிரேக் ஆயில், பெல்ட் எல்லாம் கேள்வி கேட்காமல் மாற்றுங்கள். டீசல் டேங்கைக் கழற்றிக் கழுவுங்கள். அதே நேரத்தில் காகித வேலை ஓடிக்கொண்டிருக்க வேண்டும். வாங்கியவர் 30 நாளுக்குள் பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 50-ஆம் பிரிவு. பழைய இன்சூரன்ஸ் உயிரோடு இருந்தால் 14 நாளுக்குள் பெயர் மாற்றக் கேட்க வேண்டும் என்பது 157-ஆம் பிரிவு. வரிசை எப்போதும் இப்படி இருந்தால் கோப்பு நிற்காது: வரி பாக்கி, அபராதம், இன்சூரன்ஸ், புகைச் சான்று, எஃப்சி, கடன் நீக்கமும் பெயர் மாற்றமும், வகை மாற்றம், பெர்மிட். பெர்மிட் இல்லாமல் ஓட்டிப் பிடிபட்டால் அபராதம் 10,000 ரூபாய், சிறையும் உண்டு.

எஃப்சிக்குக் காட்டும் நாளில் பிரேக் இன்ஸ்பெக்டர் (மோட்டார் வாகன ஆய்வாளர்) பார்ப்பவை: வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, அதன் சான்று, எல்லா விளக்குகளும், ஒளிரும் ஸ்டிக்கர், தீயணைப்பான், முதலுதவிப் பெட்டி, அவசர வழி, கண்ணாடி, வைப்பர், உயர் பாதுகாப்பு எண் பலகை. அவசர வழி பூட்டுத் துருப்பிடித்துத் திறக்காமல் போவதும், தீயணைப்பானின் தேதி முடிந்திருப்பதும் அடிக்கடி வண்டியைத் திருப்பி அனுப்ப வைக்கும் குறைகள். பள்ளிக்கு ஓடாத வண்டியானால் மஞ்சள் நிறத்தையும் பள்ளிப் பெயரையும் நீக்கி, நிற மாற்றத்தை ஆர்சியில் ஏற்றுங்கள்.

பள்ளிக்கே ஓட்டுவதாக இருந்தால் முன்னும் பின்னும் கேமரா, பின்னால் சென்சார், ஜன்னல் கம்பிகள், குழந்தை ஏறும் உயரத்தில் முதற்படி என்று சிறப்பு விதிகள் கேட்பவை கூடுதலாக உள்ளன. ஜூனில் பள்ளி திறக்கும் முன், மே மாதத்தில் மாவட்டம்தோறும் ஆர்டிஓ, காவல், கல்வித் துறை அதிகாரிகள் பள்ளி வண்டிகளை மைதானத்தில் வரிசையாக நிறுத்திச் சோதிப்பார்கள். அந்தச் சமயம் எல்லாப் பள்ளிகளின் வண்டிகளும் டிங்கரிங்குக்கும் பெயின்ட்டுக்கும் குவிவதால் ஏப்ரல், மே மாதங்களில் பட்டறையில் இடம் கிடைக்காது. ஜூனில் ஓட வேண்டிய வண்டியை ஜனவரி, பிப்ரவரி ஏலத்திலேயே எடுத்துவிடுங்கள். தளத்தை வெட்டி ஒட்டவும், ஆர்சி பெயர் மாறவும் இடையிலுள்ள மாதங்கள் முழுதாகத் தேவைப்படும்.